ஹைட்ரஜனுக்கு எந்தத் தொகுதி?

தனிமங்களின் வரலாறு – 9

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போகும் சாலை கடலைத் தொடும் இடம் மரக்காணம். ஊர் வருவதற்கு முன்பே உப்பளங்கள் தொடங்கிவிடும். தை பிறந்ததும் பாத்தி திருத்தும் வேலையில் இறங்குகிறவர்கள், வடகிழக்குப் பருவமழை வந்து பாத்திகளை மூழ்கடிக்கும்வரை உப்பு வாரிக்கொண்டே இருப்பார்கள். அங்கே குவிந்து கிடக்கும் உப்பில் ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ளவை சோடியமும் குளோரினும்; ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். தனிம வரிசை அட்டவணையில் சோடியம் இடது ஓரத்தில், முதல் தொகுதியில் இருக்கிறது. குளோரின் வலது ஓரத்துக்கு ஒரு தொகுதி முன்னால், பதினேழாம் தொகுதியில் இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு இடம் தேடிய வேதியியலாளர்கள் ஒன்றரை நூற்றாண்டாக மாறி மாறிக் கை காட்டிவந்த இரண்டு தொகுதிகளும் இவைதாம்.

ஹைட்ரஜனின் அணு எண் ஒன்று. ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். எல்லாத் தனிமங்களிலும் எளியது இது. அட்டவணையில் முதலில் வருவது இதுதான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தத் தொகுதியின் தலையில் வைப்பது என்பதில்தான் சிக்கல். முதல் தொகுதியின் கார உலோகங்களோடு சேர்ப்பதா, பதினேழாம் தொகுதியின் ஹாலஜன்களோடு சேர்ப்பதா, இரண்டிலும் சேராமல் தனியே விடுவதா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் கையில் இருந்த கருவிகளைக் கொண்டு ஒரு விடை சொன்னது. அடுத்த தலைமுறை அதை மாற்றியது.

மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் காலாப்பட்டில் கெம்ஃபேப் ஆல்கலீஸ் நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலை அது. இந்த வகை ஆலைகளின் மின்கலத்தை நடுவில் ஒரு மெல்லிய சவ்வு பிரிக்கிறது. நேர்மின்வாய்ப் பக்கம் குளோரின் வாயு கிளம்பும். சோடியம் அயனிகள் சவ்வைக் கடந்து எதிர்மின்வாய்ப் பக்கம் வந்து சேரும். ஆனால் அங்கே வெளிப்படுவது சோடியம் அல்ல. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து வாயுவாக எழும். சோடியம் கரைசலிலேயே தங்கிக் காஸ்டிக் சோடாவாகும். ஒரு டன் காஸ்டிக் சோடா தயாராகும்போது கூடவே சுமார் 25 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கிறது.

எதிர்மின்வாயில் வெளிப்படுவது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளருக்குச் சாதாரணச் செய்தி அல்ல. 1800-ஆம் ஆண்டு லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் வோல்ட்டாவின் மின்கல அடுக்கைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தார்கள். ஹைட்ரஜன் எதிர்மின்வாய்க்குப் போயிற்று. 1807-இல் ஹம்ப்ரி டேவி உருகிய காஸ்டிக் பொட்டாஷிலும் காஸ்டிக் சோடாவிலும் மின்சாரம் பாய்ச்சியபோது பொட்டாசியமும் சோடியமும் அதே மின்வாயில் வெளிவந்தன. செம்பு உப்பிலிருந்து செம்பு, வெள்ளி உப்பிலிருந்து வெள்ளி என்று எல்லா உலோகங்களும் தேடிப் போகும் இடம் அது. அமிலத்தில் துத்தநாகத் துண்டைப் போட்டால் துத்தநாகம் கரைந்து ஹைட்ரஜனை வெளியேற்றுகிறது. மயில்துத்தக் கரைசலில் போட்டால் செம்பை வெளியேற்றுகிறது. இரண்டு இடத்திலும் ஒரே வகை இடமாற்றம். ஆகவே ஹைட்ரஜன் ஓர் உலோகத்தின் ஆவியாக இருக்கலாம் என்று பெரிய பெரிய வேதியியலாளர்களே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையின் உச்சம் தாமஸ் கிரஹாம். வாயுக்களின் விரவல் விதிக்காக இன்றும் பாடநூல்களில் வரும் அதே கிரஹாம். கடைசிக் காலத்தில் பிரிட்டனின் அரசு நாணயச் சாலைக்குத் தலைவராக இருந்தவர். பல்லேடியம் என்ற உலோகம் தன் பருமனைப்போலச் சுமார் 900 மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்வதை அவர் கண்டார். உறிஞ்சிய பிறகும் அது உலோகமாகவே பளபளத்தது, மின்சாரத்தைக் கடத்தியது. இரண்டு உலோகங்கள் கலந்த கலவை என்றே அதை அவர் கொண்டார். உள்ளே இருக்கும் ஹைட்ரஜனுக்கு உலோகப் பெயர்களின் ஈறு சேர்த்து ‘ஹைட்ரஜீனியம்’ என்று பெயரிட்டார். அந்தக் கலவையில் சிறு பதக்கங்கள்கூட அடித்தார். அது 1869. அதே ஆண்டுதான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி மெண்டலீவ் தன் முதல் அட்டவணையை வெளியிட்டார்.

மெண்டலீவின் அந்த முதல் தாளைப் பார்த்தால் அவருடைய தயக்கம் தெரிகிறது. ஹைட்ரஜனை அவர் லித்தியம், சோடியம் இருக்கும் வரியில் சேர்க்கவில்லை. செம்பு, வெள்ளி, பாதரசம் இருக்கும் வரியில், இடது ஓரத்தில் தனியே எழுதினார். 1871-இல் திருத்திய அட்டவணையில் முதல் தொகுதிக்குக் கொண்டுவந்தார். அங்கும் முதல் தொடரில் அதற்குத் துணையாக வேறு எந்தத் தனிமமும் இல்லை. காலியம், ஜெர்மானியம் போன்ற, அன்று எவரும் கண்டிராத தனிமங்களுக்கே துணிந்து இடம் ஒதுக்கியவர் அவர். அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்த, மிக எளிய தனிமம் அவரை இரண்டு முறை யோசிக்க வைத்தது.

உலோகக் கொள்கைக்குப் பலத்த அடி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலிருந்து வந்தது. 1898 மே மாதம் ஜேம்ஸ் டூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். பாதரசம்போல ஒரு திரவ உலோகம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, கண்ணாடிபோலத் தெளிந்த, நிறமற்ற திரவம் கிடைத்தது. மறு ஆண்டு உறையவைத்தபோதும் தெளிந்த பனிக்கட்டிபோலவே இருந்தது. அன்று சிறு குடுவையில் கிடைத்த அந்தத் திரவத்தை மைனஸ் 253 டிகிரியில் இன்று மகேந்திரகிரியில் இஸ்ரோ பெரும் அளவில் கையாள்கிறது, ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேல் கட்டத்துக்கு எரிபொருள் அதுதான். அதில் உலோகத்தின் சாயல் எதுவும் கிடையாது.

எதிர்த்தரப்பின் குரலும் அதே பத்தாண்டில் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பேராசிரியராக இருந்த ஓர்ம் மாசன், ஹைட்ரஜனை ஃபுளூரினுக்கு மேலே வைக்கவேண்டும் என்று 1896-இல் எழுதினார். இந்தக் கட்சிக்குச் சான்றுகள் குறைவில்லை. ஹைட்ரஜன் வாயு, ஃபுளூரினும் குளோரினும் வாயுக்கள். மூன்றும் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்தே திரிகின்றன. கரிமச் சேர்மங்களில் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் குளோரினைப் புகுத்தலாம்: மீத்தேனில் மூன்று ஹைட்ரஜனை எடுத்து மூன்று குளோரினைப் போட்டால் குளோரோஃபார்ம். ஓர் எலக்ட்ரானை ஹைட்ரஜனிடமிருந்து பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், குளோரினுக்கு 13.0. லித்தியத்துக்கு 5.4, சோடியத்துக்கு 5.1 போதும். இந்த எண்கள் பின்னால் வந்தவை. ஆனால் மாசனுக்குச் சாதகமாகவே வந்தன.

பிறகு ஹைட்ரைடுகள். சோடியத்தையும் ஹைட்ரஜனையும் சேர்த்துச் சூடாக்கினால் சோடியம் ஹைட்ரைடு என்ற வெண்மையான, உப்புப் போன்ற பொருள் உருவாகிறது. இரண்டும் உலோகம் என்றால் இது உலோகக் கலவையாக இருந்து மின்சாரத்தைக் கடத்தவேண்டும். 1902-இல் ஆன்றி முவாசான் சோதித்தார். கடத்தவில்லை.

கடத்தாவிட்டால் அது என்ன? அமெரிக்க வேதியியலாளர் ஜி.என். லூயிஸ் 1916-இல் விடையை முன்கூட்டியே சொன்னார்: சோடியம் தன் எலக்ட்ரானை ஹைட்ரஜனுக்குக் கொடுத்துவிட்டது, அந்தப் பொருளில் ஹைட்ரஜன் எதிர் அயனியாக, குளோரைடைப்போல இருக்கிறது. அப்படியானால் ஹைட்ரைடை உருக்கி மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன் நேர்மின்வாய்க்கு, அதாவது குளோரின் போகும் மின்வாய்க்குப் போகவேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் நெர்ன்ஸ்டின் ஆய்வகத்தில் குர்ட் மோர்ஸ் லித்தியம் ஹைட்ரைடைச் சுமார் 690 டிகிரி வெப்பத்தில் உருக்கிச் சோதித்தார். ஹைட்ரஜன் நேர்மின்வாயில் வந்தது.

காலாப்பட்டு ஆலையின் மின்கலத்தில் எதிர்மின்வாயில் எழும் அதே வாயு, மோர்ஸின் குடுவையில் நேர்மின்வாயில் எழுந்தது. நூற்றிருபது ஆண்டுகளாக உலோகக் கட்சியின் முதன்மைச் சான்றாக இருந்த மின்வாய்ச் சோதனை, ஹாலஜன் கட்சிக்கும் அதே உறுதியோடு சாட்சி சொல்லிவிட்டது. இந்த வரலாற்றின் நடுப்புள்ளி இதுதான். ஹைட்ரஜன் எந்தப் பக்கம் என்பதை ஹைட்ரஜன் மட்டும் தீர்மானிப்பதில்லை. எதிரில் இருப்பது ஆக்சிஜனா சோடியமா என்பதும் தீர்மானிக்கிறது. ஆக்சிஜனிடம் எலக்ட்ரானைப் பெருமளவு விட்டுக்கொடுக்கிறது, சோடியத்திடம் வாங்கிக்கொள்கிறது.

இந்த எதிர் அயனி ஆய்வகக் குடுவைக்குள் மட்டும் கிடைக்கும் அபூர்வப் பொருள் என்றே பல ஆண்டுகள் எண்ணினார்கள். அது சூரியனில் இருக்கிறது என்று 1939-இல் சொன்னவர் ரூபர்ட் வில்ட். அதைக் கணக்குப் போட்டு நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவர், சுப்ரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் என்றால் வெண்குறு மீன்களின் எடை வரம்பும் 1983-ஆம் ஆண்டு நோபல் பரிசும் நினைவுக்கு வரும். 1940-களில் அவர் செய்த ஹைட்ரஜன் எதிர் அயனி ஆய்வு தமிழில் அதிகம் பேசப்படவில்லை, பேசப்படவேண்டியது. சூரியனின் ஒளி நமக்கு வரும் மேற்பரப்பு அடுக்கின் வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அங்கே இருக்கும் வாயுவின் பெரும்பகுதி ஹைட்ரஜன். சாதாரண ஹைட்ரஜன் அணு கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பரவலாக உறிஞ்சாது. சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டுமே உறிஞ்சும். அப்படியானால் சூரியனின் உள்பகுதி ஏன் நமக்குத் தெரிவதில்லை? உள்ளிருந்து வரும் ஒளியை வழிமறிப்பது எது? எந்தத் தனிமத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும் தொகை உதைத்தது.

வழிமறிப்பது ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற ஹைட்ரஜன். கோடிக்கணக்கான ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் இந்த அயனி அங்கே இருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் எலக்ட்ரானைக் கட்டிவைத்திருக்கும் பிடி வெறும் 0.75 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எந்தத் துகள் மோதினாலும் அது கழன்றுவிடும், ஒளி அதில் செலவாகிவிடும். இந்த அயனி நிலைத்து நிற்கும் என்பதைப் பெத்தேயும் ஹில்லராஸும் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோட்பாட்டில் காட்டியிருந்தார்கள். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை அது விழுங்கும் என்பதை நம்பத்தக்க துல்லியத்தோடு கணக்கிட்டது சந்திரசேகரின் வேலை. 1944 முதல் வந்த கட்டுரைகளிலும், 1946-இல் ஃபிரான்ஸஸ் பிரீனோடு சேர்ந்து எழுதியதிலும் அந்தக் கணக்கு முடிந்தது. கணினிகள் பரவாத காலத்தில் கை எந்திரங்களைச் சுழற்றிப் போட்ட கணக்குகள் அவை. அவதானித்த சூரிய ஒளியோடு அவை பொருந்தின.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கூடுதல் எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது? அந்த வெப்பத்தில் எலக்ட்ரானை எளிதில் இழக்கும் சோடியம், மெக்னீசியம், இரும்பு போன்ற உலோகங்களிடமிருந்து. மரக்காணத்து உப்புக்கல்லில் சோடியத்தின் எலக்ட்ரானைக் குளோரின் வாங்கி வைத்திருக்கிறது; சூரியனின் மேற்பரப்பில் அந்த வேலையை ஹைட்ரஜன் செய்கிறது. நமக்கு வந்து சேரும் பகல் வெளிச்சத்தின் தன்மையையே ஹைட்ரஜனின் ஹாலஜன் குணம் வடிவமைக்கிறது என்று தெரிந்த பிறகு, பதினேழாம் தொகுதிக்கான வழக்கை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் பதினேழாம் தொகுதிக்கு அது முழுமையாகப் பொருந்தவில்லை. குளோரின் ஓர் எலக்ட்ரானைப் பெறும்போது 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிவருகிறது. ஹைட்ரஜனுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. சோடியத்தின் 0.55-க்குத்தான் அது நெருக்கம். கடல்நீரில் குளோரைடு அமைதியாகக் கரைந்து கிடக்கிறது. ஹைட்ரைடைத் தண்ணீரில் போட்டால் அந்த நொடியே தண்ணீரோடு வினைபுரிந்து வாயுவாகிப் போய்விடுகிறது. உப்பளம் வைத்து ஹைட்ரைடு விளைவிக்க முடியாது.

மூன்றாவது ஒரு கட்சியும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கடற்கரையை விட்டு உள்ளே, மல்லாட்டைக் கொல்லைகளுக்கு வரவேண்டும்.

நிலக்கடலையை விழுப்புரம் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பாரும் உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தப் பயிருக்குப் பேர்பெற்றது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய்ல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கப்பல் கப்பலாகக் கடலை போயிற்று. 1879 டிசம்பரில் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது, அந்தப் பாதை ஏற்றிச்சென்ற முக்கியச் சரக்குகளில் ஒன்று கடலை மூட்டை. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கும் இந்தப் பயிரே காரணம். நாடு முழுவதும் கடலை விவசாயிகள் அறிந்த ‘டி.எம்.வி.’ ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம்தான். குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி.-2, ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூடப் பல பத்தாண்டுகள் பயிராயிற்று.

கடலெண்ணெய்க்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள தொடர்பு வனஸ்பதி. எண்ணெயில் நீண்ட கார்பன் சங்கிலிகள் இருக்கின்றன. ஒலியிக் அமிலச் சங்கிலியில் பதினெட்டுக் கார்பன்கள். நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் சங்கிலி வளைந்திருப்பதால் சங்கிலிகள் நெருங்கி அடுக்க முடியாது, எண்ணெய் திரவமாக இருக்கிறது. நிக்கல் தூளை வினையூக்கியாகப் போட்டு, எண்ணெயைச் சூடாக்கி, ஹைட்ரஜனை அழுத்தத்தோடு செலுத்தினால் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏறிக்கொள்ளும். சங்கிலி நிமிரும், எண்ணெய் நெய்போல உறையும். வாயு நிலையில் இந்த வினையைக் காட்டியவர் பிரான்சின் பால் சபாட்டியே. 1912-இல் நோபல் பரிசு பெற்றார். திரவ எண்ணெயை இப்படி இறுக்கக் காப்புரிமை எடுத்தவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன், 1902-இல். இந்தியாவில் டால்டா 1937-இல் சந்தைக்கு வந்தது. பல பத்தாண்டுகள் இந்திய வனஸ்பதியின் முதன்மை மூலப்பொருள் கடலெண்ணெய். ஹைட்ரஜன் அரைகுறையாக ஏறும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது பிறகு தெரியவந்தது; 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

இந்த வினையில் ஹைட்ரஜன் என்ன செய்தது? எலக்ட்ரானைக் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. கார்பனோடு ஏறக்குறையச் சரிசமமாகப் பகிர்ந்துகொண்டது. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் வலிமையைப் பாலிங் அளவுகோலில் சொன்னால் ஹைட்ரஜனுக்கு 2.2, கார்பனுக்கு 2.55. லித்தியத்துக்கு 0.98, ஃபுளூரினுக்கு 3.98. இரண்டு ஓரங்களையும்விடக் கார்பனுக்கே ஹைட்ரஜன் நெருக்கம். இன்னொன்றும் சொல்லலாம்: ஹைட்ரஜனின் கூட்டில் இரண்டு எலக்ட்ரானுக்கு இடம், இருப்பது ஒன்று. கார்பனின் வெளிக்கூட்டில் எட்டுக்கு இடம், இருப்பது நான்கு. இரண்டும் பாதி நிரம்பியவை. இந்தக் காரணங்களைக் கொண்டு ஹைட்ரஜனைக் கார்பனுக்கு மேலே வைக்கலாம் என்று 1964-இல் ஆர்.டி. சாண்டர்சன் எழுதினார், 2003-இல் மார்ஷல் குரோனின் அதே வாதத்தை விரிவாக எடுத்துவைத்தார். நம் உடம்பிலும் உணவிலும் எரிபொருளிலும் ஹைட்ரஜன் பெரும்பாலும் கார்பனோடு கைகோத்தே இருக்கிறது என்பதைப் பார்த்தால் இந்த வாதம் கவர்ச்சியானதுதான். ஆனால் கார்பன் நான்கு கை நீட்டும், ஹைட்ரஜனுக்கு ஒரே கை. தொகுதி என்பதன் அடிப்படையே இணைதிறன் ஒற்றுமை என்னும்போது, இது தேறுவது கடினம்.

மாசனின் பக்கத்துக்கு இருபத்தோராம் நூற்றாண்டில் புதிய துணை கிடைத்தது. அட்டவணையின் வரலாற்றை எழுதியவர்களில் முதன்மையான எரிக் செர்ரி, அணு எண்களின் மும்மைகளைச் சுட்டிக்காட்டினார். லித்தியம் 3, சோடியம் 11, பொட்டாசியம் 19: நடு எண் மற்ற இரண்டின் சராசரி. ஹைட்ரஜன் 1, ஃபுளூரின் 9, குளோரின் 17: இங்கும் சரியாக வருகிறது. ஹைட்ரஜன் 1, லித்தியம் 3, சோடியம் 11 என்றால் வரவில்லை. அழகான கணக்கு. ஆனால் இரண்டாம் தொடரிலும் மூன்றாம் தொடரிலும் எட்டெட்டுத் தனிமங்கள் இருப்பதிலிருந்து பிறக்கும் கணக்கு இது. தண்ணீரில் ஹைட்ரைடு ஒரு நொடி நிற்காமல் போவதை இது விளக்காது.

தனியே விடுங்கள் என்று சொன்னவர்கள் ஹெர்பர்ட் கேசும் பீட்டர் அட்கின்ஸும். 2003-இல் அவர்கள் முன்வைத்தது: அட்டவணையின் மேலே, நடுவில், எந்தத் தொகுதியிலும் சேராமல் ஒரு கட்டம். இதற்கு வலுவூட்டும் சான்று ஒன்று மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கிடைக்கும். கல்பாக்கத்தில் 1983 ஜூலையில் மின்சாரம் தரத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் கனநீரைக் கொண்டு இயங்குவது. 1931-இல் ஹெரால்டு யூரே கண்டுபிடித்த டியூட்டீரியம், ஹைட்ரஜனின் ஐசோடோப்பு. எடை இரு மடங்கு. இயற்கையில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று. அது சேர்ந்த தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் அடர்த்தியானது, 101.4 டிகிரியில்தான் கொதிக்கும். சோடியத்தின் ஐசோடோப்புகளையோ குளோரினின் ஐசோடோப்புகளையோ வேதியியல் முறையில் வேறுபடுத்துவது மிகக் கடினம். ஹைட்ரஜனில் மட்டும் அந்த வேறுபாட்டை வைத்தே தூத்துக்குடியில் ஓர் ஆலை 1978 முதல் கனநீர் பிரித்தது. தனக்கென்று தனிப் பெயரும் குறியீடும் கொண்ட ஐசோடோப்புகள் வேறு எந்தத் தனிமத்துக்கும் இன்று புழக்கத்தில் இல்லை. எந்தக் குடும்பத்தின் இயல்பும் அல்ல இது, ஹைட்ரஜனுடைய இயல்பு.

உலக வேதியியல் ஒன்றியமான ஐயுபாக் வெளியிடும் அட்டவணையில் ஹைட்ரஜன் லித்தியத்துக்கு மேலே அச்சாகிறது. ஆனால் கார உலோகங்கள் எவை என்று அதே அமைப்பு வரையறுக்கும்போது பட்டியல் லித்தியத்தில்தான் தொடங்குகிறது. தொகுதியில் இடம் உண்டு, குடும்பத்தில் இல்லை. நடைமுறைக்கு இது போதும். ஏன் அப்படி என்பதை மாணவருக்குச் சொன்னால் மட்டுமே போதும்.

இங்கே நம் வகுப்பறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு வேதியியல் பாடநூலில் ஹைட்ரஜனுக்குத் தனி அலகு இருக்கிறது. அதில் அட்டவணையில் அதன் இடம் பற்றிய பகுதியும் இருக்கிறது. பாராட்டவேண்டிய ஏற்பாடு. ஆனால் தேர்வு நோக்கில் அது, கார உலோகங்களோடு மூன்று ஒற்றுமை, ஹாலஜன்களோடு மூன்று ஒற்றுமை என்று உருப்போடும் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. மோர்ஸின் சோதனை அதில் வந்தால், சந்திரசேகரின் அயனி வந்தால், விழுப்புரத்து மாணவி ஒருத்தி அதை ஒரு வழக்காகப் படிப்பாள்: இரு தரப்புச் சாட்சிகளையும் கேட்டுத் தானே தீர்ப்பு எழுதிப் பார்ப்பாள். மரக்காணத்து உப்புக் கரைசலும் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியும் இரண்டு பென்சில் கரித்துண்டுகளும் இருந்தால், வழக்கின் முதல் சாட்சியைக் காற்றோட்டமான ஆய்வகத்தில், ஆசிரியர் மேற்பார்வையில், கண்முன்னே பார்த்துவிடலாம்.

உலோகக் கட்சியின் கதையும் முற்றாக முடிந்துவிடவில்லை. 1935-இல் யூஜின் விக்னரும் ஹில்லார்ட் ஹண்டிங்டனும், போதிய அழுத்தம் கொடுத்தால் ஹைட்ரஜன் உலோகமாக மாறும் என்று கணக்கிட்டார்கள். வளிமண்டல அழுத்தத்தைப்போல இரண்டரை லட்சம் மடங்கு போதும் என்றது அவர்கள் கணக்கு. 1996-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் திரவ ஹைட்ரஜனை அதிர்ச்சி அலையால் நெருக்கியபோது, சுமார் பதினான்கு லட்சம் மடங்கில் அது உலோகம்போல மின்சாரம் கடத்தியது. திண்ம நிலையில் உலோகமானதாக ஹார்வர்டிலிருந்து 2017-இல் வந்த அறிவிப்பு கடும் விவாதத்துக்கு உள்ளானது. பிரான்சின் பால் லூபேரின் குழு 2020-இல் வெளியிட்ட முடிவில், நாற்பத்திரண்டு லட்சம் மடங்கு அழுத்தத்தில் மாற்றத்தின் அடையாளம் தெரிந்தது. வியாழன் கோளின் உள்பகுதியில் இருப்பது இத்தகைய ஹைட்ரஜன்தான் என்று வானியலாளர்கள் கொள்கிறார்கள். கிரஹாமின் பதக்கத்தில் இருந்தது உலோக ஹைட்ரஜன் அல்ல. வியாழனுக்குள் இருப்பது உலோக ஹைட்ரஜன்.

முதல் தொகுதியில் வைப்பதற்கு இன்று சொல்லும் முதன்மைக் காரணம் எலக்ட்ரான் அமைப்பு: வெளிக்கூட்டில் ஒன்று இருந்தால் முதல் தொகுதி. இதே விதியை அடுத்த தனிமத்துக்குப் போட்டுப் பார்த்தால் உடனே இடிக்கிறது. ஹீலியத்துக்கு எலக்ட்ரான்கள் இரண்டு. விதிப்படி அது பெரிலியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் மேலே, இரண்டாம் தொகுதியில் இருக்கவேண்டும். வழக்கமான அட்டவணைகள் அதை எதிர் ஓரத்தில் மந்த வாயுக்களோடு வைக்கின்றன, குணத்தைப் பார்த்து. ஹைட்ரஜனுக்கு எலக்ட்ரான் கணக்கு, ஹீலியத்துக்கு வேதிக் குணம். பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டுக்கு இரண்டு அளவுகோல். ஹீலியத்தின் கதை 1868 ஆகஸ்ட் 18 அன்று, முழுச் சூரிய கிரகணத்தின்போது, மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் வைத்திருந்த நிறமாலைக் கருவியிலிருந்து தொடங்குகிறது. குண்டூரில் அதே நேரத்தில் பிரான்சின் ஜான்சன் காத்திருந்தார்.

(தொடரும்)